ஸ்கேல் வைத்து அடித்த வரிகள்

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் முத்துக்கண்ணன். பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது, ஹால் டிக்கெட் எடுப்பது, ரிசல்ட் பார்ப்பது எல்லாம் என் கடையில்தான் நடக்கும். அதனால் இந்த ஊரில் யாருக்கு எத்தனை அரியர் என்பது அவரவர் வீட்டாருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வெளியே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாதிக் கல்யாணம் நின்றிருக்கும்.

அப்படிப்பட்ட நான் ஒருத்தியின் அரியரை மட்டும் ஊரறியச் சொல்லப் போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன். "தாராளமாச் சொல்லுங்கண்ணே. ஆனா கடைசியா வாங்குன மார்க்கையும் சேத்துச் சொல்லணும்" என்றாள்.

சூர்யகலாவுக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்தது ராசிங்காபுரம், வாக்கப்பட்டது போடி. கணவன் ஈஸ்வரன் ஜீப் ஓட்டுகிறான். விடிந்ததும் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். அவள் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறாள். பொறுக்குவது என்றால் கீழே சிந்தியதை அள்ளுவது என்று நினைத்துவிடாதீர்கள். மலையிலிருந்து மூட்டையில் வரும் காயைத் தட்டில் கொட்டி, வெடித்தது, கறுத்தது, பூச்சி துளைத்தது, நிறம் வெளுத்தது எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட்டு, பச்சை மாறாத முழுக்காயை மட்டும் தட்டில் மிச்சம் வைக்கிற வேலை அது. நான் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாக் காயும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. நல்லதா, கழிவா என்று சரியாகத் தெரியாத காயை யாரும் தாமாகத் தள்ளக் கூடாது. தட்டின் ஓரத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும். சந்தேகக் குவியல் என்று அதற்குப் பெயர். நாற்பது பெண்களின் சந்தேகக் குவியலும் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஒருத்தியின் முன்னால் வந்து சேரும். அந்த ஒருத்தி சூர்யகலா. அவள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: சந்தேகம் என்றால் தள்ளு. அவள் கை பட்டுப் போன சாம்பிள் ஏலக்கூடத்திலிருந்து குறை சொல்லித் திரும்பியதே இல்லை. பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

இவள் பி.காம். படித்தவள். ஆனால் பட்டதாரி இல்லை. கடைசி செமஸ்டரில் கல்யாணம் வைத்துவிட்டார்கள். பரீட்சை அட்டவணையைப் பார்த்து முகூர்த்தம் குறிக்கிற ஜோசியர் இன்னும் பிறக்கவில்லை. பெண்ணழைப்பு அன்று ஒரு பேப்பர், மறுவீட்டு விருந்தன்று ஒரு பேப்பர். இரண்டும் போயின. கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம் என்று எல்லாரும் தடுக்கி விழுகிற பேப்பர்களை எல்லாம் முதல் தடவையிலேயே தாண்டியவள், எழுத்துத் திறன், இந்திய தேசிய வரலாறு என்ற இரண்டு பொதுப் பேப்பர்களில் நின்றுபோனாள்.

அவள் படித்த பல்கலைக்கழகத்தின் சட்டம் அப்படி. எந்தப் பாடம் எடுத்துப் படித்தாலும் சரி, நான்கு பக்கம் ஒழுங்காக எழுதத் தெரியாதவருக்கும் தன் நாட்டின் கதை தெரியாதவருக்கும் பட்டம் கிடையாது. கணக்குப் படித்தவர் கணக்குப் போட்டால் போதாதா என்று நான் பலமுறை மனசுக்குள் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர்களுடைய விண்ணப்ப இணையப் பக்கம் அடிக்கடி நின்றுபோகிற கோபமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒருநாள் மனம் இளகியது. பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக மூன்று வாய்ப்பு, அதோடு கதவு சாத்தப்படும் என்று அறிவித்தார்கள். நான்தான் சூர்யகலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மகள் பத்தாவது படிக்கிறாள், இனிமேல் நான் போய் எழுதுவதா என்று முதலில் சிரித்தாள். மறுநாளே போட்டோவோடு வந்து நின்றாள்.

முதல் வாய்ப்பில் வரலாறு இருபத்து நான்கு, எழுத்து முப்பத்தொன்று. இரண்டாவதில் இருபத்தேழு, இருபத்தொன்பது. நாற்பது எடுத்தால் பாஸ். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு மண்டையில ஒண்ணும் நிக்கலண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் நம்பிவிட்டேன்.

போன பிப்ரவரியில் விஷயம் வேறு மாதிரி ஆனது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் சாம்பிள் ரூம் பொறுப்பாளர் மொக்கையன் மே மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு லோடிலிருந்தும் சாம்பிள் எடுத்து, தரம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிற நாற்காலி அது. அந்த நாற்காலியில் பெண்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. மொக்கையனே மேனேஜரிடம் போய், "என் சோலிய சூர்யகலா கிட்டக் குடுங்க. எனக்கே சந்தேகம்னா அதுகிட்டத்தான் காமிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார்.

மேனேஜர் காசிராஜன் கெட்ட மனிதர் இல்லை. சட்டம் பேசுகிற மனிதர். "அந்த வேலைக்கு டிகிரி வேணும்னு மொதலாளி எழுதி வச்சிருக்காரு. மே முப்பதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். டிகிரியோட வந்தா அது ஒனக்கு. இல்லன்னா நம்ம அருள்பாண்டிக்கு" என்று சொல்லிவிட்டார். அருள்பாண்டி அவருடைய அக்கா மகன். பட்டதாரிதான். ஏலக்காய் மணம் பட்டாலே அடுக்கடுக்காகத் தும்முவான்.

இனி ஒரே ஒரு வாய்ப்பு. ஏப்ரலில் பரீட்சை. சூர்யகலா என் கடைக்கு வந்து விண்ணப்பம் போட்டபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "நல்லா எழுதுற மாதிரிதான்ணே தெரியுது. பேப்பரக் குடுத்துட்டு வர்றப்ப ஒரு தப்பும் இல்லன்னு நெஞ்சத் தொட்டுச் சொல்வேன். அப்புறம் ஏன் இப்படி?" என்றாள்.

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. ஒரு தப்பும் இல்லாமல் இருபத்தேழு மார்க் எப்படி வரும்? திருத்தியவர் மேல் சந்தேகம் வந்து, போன தடவை எழுதிய விடைத்தாள்களின் நகல் கேட்டு அவள் பெயரில் விண்ணப்பித்தேன். கேட்டால் கொடுப்பார்கள், கேட்பவர்தான் குறைவு. மூன்று வாரம் கழித்து வந்தது. பிரிண்ட் போட்டுப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எழுதியதில் முக்கால்வாசியை அவளே அடித்திருந்தாள். கிறுக்கி அடிக்கவில்லை. ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நேர்க்கோடு. பதினைந்து மார்க் கேள்விக்கு அடிபடாமல் மிஞ்சியது நான்கு வரி. அந்த நான்கு வரியும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஓரிடத்தில் திருத்தியவர், அவள் அடித்த வரிக்கு நேரே சிவப்பு மையில் டிக் போட்டுவிட்டு, பிறகு நினைவு வந்தவர்போல அதைக் கிறுக்கி அழித்திருந்தார். பாவம், அவருக்கும் மனசு கேட்கவில்லை.

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த வரலாற்று கைடு ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். டீ நேரம். பெண்கள் எல்லாரும் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்தா இது? ஒன் பேப்பர நீயே அடிச்சு வச்சிருக்க?" என்று நீட்டினேன்.

சூர்யகலா வாங்கிப் பார்த்தாள். கொஞ்சமும் கலங்கவில்லை. "ஆமாண்ணே. எழுதி முடிச்சுட்டு ஒருக்காப் பொறுக்குவேன். எதுல சந்தேகம் வருதோ அதத் தள்ளிருவேன். ஒரு சொத்தை இருந்தாலும் மொத்த லோடுக்கும் கெட்ட பேருல்ல?"

அவளுக்குப் பக்கத்துத் தட்டுக்காரி குருவம்மாள் தாளை எட்டிப் பார்த்தாள். குருவம்மாளுக்கு ஐம்பது வயது. எழுத்து தெரியாது, மற்ற எல்லாம் தெரியும். "ஏ பவித்ரா, நீதான பன்னெண்டு வரைக்கும் படிச்ச? அடிச்ச வரியெல்லாம் ஒண்ணொண்ணா வாசி. ஏப்பா முத்துக்கண்ணா, நீ அந்தப் புஸ்தகத்தப் பாத்து சரியா தப்பான்னு சொல்லு. வெரசா, டீ ஆறுறதுக்குள்ள" என்று இரண்டு காலித் தட்டுகளை இழுத்துப் போட்டாள்.

பவித்ரா வாசித்தாள். "வேலூர்ப் புரட்சி ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டு நடந்தது."

"சரி" என்றேன். குருவம்மாள் ஒரு பச்சைக் காயை எடுத்து வலது தட்டில் போட்டாள்.

"உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடைப்பயணம் சென்றார்கள்."

"சரி." இன்னொரு காய்.

"வங்கப் பிரிவினை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில் நடந்தது."

கைடைப் புரட்டினேன். "தப்பு. அஞ்சு." ஒரு கறுத்த காய் இடது தட்டில் விழுந்தது.

இப்படியே போனது. டீ ஆறிப்போனது. மற்றப் பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு "சரி"க்கும் ஒரு சத்தம் கூடியது. முடித்து எண்ணியபோது வலது தட்டில் இருபத்தைந்து பச்சைக் காய், இடது தட்டில் நான்கு கறுத்த காய்.

எழுத்துத் திறன் பேப்பர் இதைவிட மோசம். அங்கே வருஷம் ஏதும் இல்லை, தள்ளுவதற்கு. ஆகவே அவள் தன்னையே தள்ளியிருந்தாள். "என் அனுபவத்தில்" என்று தொடங்கிய வரி அடிபட்டிருந்தது. "நான் நினைப்பது" என்று தொடங்கிய வரி அடிபட்டிருந்தது. பெண்கள் வேலைக்குப் போவது பற்றிய கட்டுரையில், பதினைந்து வருஷமாக வேலைக்குப் போகிறவள், புத்தகத்தில் மனப்பாடம் செய்த மூன்று வரியை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

"இத ஏன் அடிச்ச?" என்று கேட்டேன்.

"அது நானாச் சொன்னதுண்ணே. சரியா இருக்கும்னு என்ன நிச்சயம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. சூர்யகலா அந்த இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காயைப் பார்த்தால் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து நல்ல காயைக் கழிவில் கொட்டியிருக்கிறோம் என்பது புரிந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குருவம்மாள் விடவில்லை. "இங்கரு, ஆத்தா. நாங்க சந்தேகம்னா தள்றோமா? ஓரமா வச்சு ஒங்கிட்டக் குடுக்குறோம். நீ பாத்துக்கிற. பரீட்சையில ஒனக்கு மேல ஒருத்தரு இருக்காருல்ல, பேப்பர் திருத்துறவரு? சந்தேகத்த அவருகிட்டக் குடு. அவரு சோலிய அவரு பாக்கட்டும். அவரு சோலியும் சேத்து நீ ஏன் பாக்குற?"

நான் பதினெட்டு வருஷமாக மாணவர்களுக்குக் கைடு விற்கிறேன். இந்த ஒரு வார்த்தை எந்த கைடிலும் இல்லை.

ஆனாலும் கை பழக்கம் சும்மா விடாது என்பது ஈஸ்வரனுக்குத் தெரிந்திருக்கிறது. பரீட்சையன்று காலை எஸ்டேட் ஆட்களை இன்னொரு ஜீப்பில் ஏற்றிவிட்டு அவளைத் தேனிக்குத் தானே கூட்டிப்போனான். தேர்வு மையத்து வாசலில் அவளுடைய பேனாப் பையைத் திறந்து, ஸ்கேலை எடுத்துத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டான். பேனாவாலேயே அடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கோணல் கோடு போட அவளுக்கு மனசு வராது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா?

உள்ளே நடந்ததை அவளே சொன்னாள். எழுதி முடித்தபோது அரை மணி நேரம் மிச்சம். திரும்பப் படிக்கும்போது ஒரு வருஷத்தில் சந்தேகம் வந்துவிட்டது. பையைத் துழாவினால் ஸ்கேல் இல்லை. பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம் ஒன்று இருந்தது. கேட்க வாயெடுத்தாள். குருவம்மாள் நினைவுக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மணி அடிக்கும் வரை எடுக்கவில்லை. மறுநாள் எழுத்துத் திறன் பேப்பரில், நீங்கள் செய்யும் வேலை ஒன்றை அறியாதவருக்கும் விளங்கும்படி எழுதுக என்று கேட்டிருந்தார்கள். எட்டுப் பக்கம் எழுதினேன் அண்ணே என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு களவு செய்த சிரிப்பு இருந்தது.

ரிசல்ட் மே இருபத்தைந்து என்றார்கள். பிறகு இருபத்தெட்டு என்றார்கள். அந்த ஐந்து நாளும் நான் பல்கலைக்கழகத்துக்காரர்களைத் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது. மே முப்பதாம் தேதி மதியம் மூன்று மணிக்கு வெளியிட்டார்கள். பக்கம் திறக்கவில்லை. மூன்றே கால், மூன்றரை, நான்கு. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. காசிராஜன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். நான்கே கால் மணிக்கு அவள் பதிவெண்ணை இருபதாவது முறையாகத் தட்டியபோது திறந்தது.

வரலாறு ஐம்பத்தெட்டு. எழுத்துத் திறன் எழுபத்தொன்று.

கடையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். யார் அரியரையும் வெளியே சொல்லாதவன் பாஸை மட்டும் தெருவுக்கே சொன்னேன். குடோனில் பொறுக்கும் நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், பிரிண்ட் எடுத்துக்கொண்டு மொபட்டில் பறந்தேன். மார்க்கெட் முக்கில் காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஜீப்புக்காரன் என்னைத் திட்டியது தேனி வரை கேட்டிருக்கும்.

சூர்யகலா தாளை வாங்கினாள். பதிவெண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். அப்பா பெயரைப் பார்த்தாள். மார்க்கைப் பார்க்கவே இல்லை. "இது எனக்குத்தானாண்ணே?" என்று கேட்டாள்.

"ஒனக்குச் சந்தேகம்னா எங்கிட்டக் கொண்டா" என்று குருவம்மாள் தாளைப் பிடுங்கிப் பவித்ராவிடம் கொடுத்தாள். பவித்ரா உரக்க வாசித்தாள். அதன்பிறகு குடோனில் யாரும் காயைத் தொடவில்லை. நாற்பது பேரும் சூர்யகலாவை முன்னால் தள்ளிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

காசிராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "சரி. சர்டிபிகேட் பின்னால வரட்டும், இது போதும். ஆனா மொதலாளிக்கு அனுப்ப ஒன் கைப்பட ஒரு விண்ணப்பம் வேணும். இந்த வேலைய ஏன் ஒனக்குக் குடுக்கணும்னு எழுது. இப்பவே எழுது" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

நின்றபடியே எழுதப் போனவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்து எழுதினாள். நான் தோளுக்குப் பின்னால் நின்றதால் எல்லாம் தெரிந்தது. பெயர், ஊர், படிப்பு என்று எழுதும்போது பி.காம். என்ற இடத்தில் பேனா கொஞ்சம் அழுந்தியது. இத்தனை வருஷ அனுபவம், இன்னின்ன வேலை என்று வரிசையாக வந்தது. கடைசியில் தனியாக ஒரு வரி எழுதினாள்.

"இந்தக் கம்பெனியில் காயை என்னைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை."

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்தாள். மேஜை மேல், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், காசிராஜன் பதிவேட்டுக்குக் கோடு போடுகிற மர ஸ்கேல் கிடந்தது. அவள் கண் அதன்மேல் போனது. கையும் போனது. வாசலில் நின்ற நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். என் சொந்த ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

சூர்யகலா ஸ்கேலை எடுத்தாள். பதிவேட்டுக்கு அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தாள்.

காசிராஜன் முழுவதும் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"கடைசியா எழுதியிருக்கியே, அதுல ஒனக்குச் சந்தேகம் எதுவும் இல்லையே?"

"சந்தேகம் இருந்தா தள்ளியிருப்பேன் சார்" என்றாள்.

அவர் முத்திரையை எடுத்துத் தாளில் குத்தினார்.